மேசையில் ஒரே டின்

நோலீன் பாஸ்கோவுக்கு மான் சுடப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்குப் பிடித்தது மானைத் தேடிப் போவது. ரீஃப்டன் என்கிற சின்ன ஊருக்கு மேலே தார்ச்சாலை முடிந்து, ஜல்லிச்சாலையும் முடிகிற இடத்தில் அவள் வீடு. பின்கதவைத் திறந்தால் ஆறு, ஆற்றைத் தாண்டினால் காடு. காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. வீட்டில் அந்தப் பேர் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கூப்பிடப்படுகிறது என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். சிரிப்பாள், பதில் சொல்ல மாட்டாள்.

கூப்பிடுகிறவன் மெர்வ், அவள் புருஷன். ஒரு காலத்தில் அரசாங்கச் சம்பளத்தில், மலையில் அளவுக்கு மீறிப் பெருகிய மான்களைச் சுட்டவன், பிறகு நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவன். அவனுக்கு நடுக்குவாதம் வந்தது. முதலில் இடது கை, அப்புறம் வலது. தேநீர்க் கோப்பையில் பாதிதான் ஊற்ற வேண்டும். சட்டைப் பொத்தான் போட அவள் வேண்டும், மாத்திரை எடுத்துத் தர அவள் வேண்டும், பூட்ஸைக் கழற்ற அவள் வேண்டும். மூளை மட்டும் பழைய மூளை, கத்தி மாதிரி. அதுதான் வினை. மூளையும் கொஞ்சம் மழுங்கியிருந்தால் இரண்டு பேருமே நிம்மதியாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். சொல்லக் கூடாதுதான்.

அவன் துப்பாக்கி அவளிடம் வந்தது அந்த நடுக்கத்தால். கூடவே அதன் குழலும் குட்டையானது. நோலீன் குள்ளம். எங்கள் காட்டிலோ பிரம்பு மாதிரி கறுத்த கொடிகள் ஆளைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும், நீளக் குழலோடு போனால் ஒவ்வொரு அடிக்கும் நின்று அதை விடுவிக்க வேண்டும். கிரேமவுத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிற ஒருவனிடம் கொடுத்துக் குழலை முழங்கை நீளத்துக்கும் குறைவாக வெட்டி, முனையில் சத்தத்தை அடக்கும் உருளையைத் திருகிக்கொண்டு வந்தார்கள். அவள் கைக்கு அது பொம்மை மாதிரி அடக்கமாக இருந்தது.

வெட்டின பிறகு சுட்ட முதல் மான் ஓடிப்போயிற்று. நல்ல இடத்தில்தான் பட்டது. அவள் ஒரு பகல் முழுவதும் கொடிகளுக்குள் தவழ்ந்து தேடி, மறுநாள் ஓடையில் செத்துக் கிடக்கக் கண்டாள். மெர்வ் தோலைப் புரட்டி ஓட்டையைப் பார்த்தான், விரலை விட்டுப் பார்த்தான்.

"உள்ள போன ஓட்டையும் வெளிய வந்த ஓட்டையும் ஒரே அளவு. பாத்தியா?"

"பாத்தேன். நாள் பூரா அதுக்குப் பின்னாடிதான் தவழ்ந்தேன்."

"தப்பு உன்மேல இல்ல, குண்டு மேல. குழல் குட்டையானா வேகம் குறையும். வேகம் குறைஞ்சா கெட்டியான குண்டு வாயைத் திறக்காது, ஊசி மாதிரி குத்திட்டு அந்தப் பக்கம் போயிடும். நமக்கு இனிமே லேசான குண்டு வேணும், மூக்கு மெத்துனு இருக்கறது. மெதுவாப் போனாலும் உள்ள போனதும் பூ மாதிரி விரியணும். வெடிமருந்தும் மாத்தணும். நீளக் குழலுக்கான மருந்து இதுல பாதி வெளிய வந்துதான் எரியும், இருட்டுல கல்யாண வெடி மாதிரி. சீக்கிரம் எரியறதாப் பாக்கணும்."

அன்றைக்கு அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். காலையில் அவன் தன் ஷெட்டுக்குப் போனான், மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினான். மறுநாளும் போனான். பித்தளைக் கூட்டின் அடியில் பொறி கிளப்புகிற புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை அழுத்தி, அவளுக்குத் தோட்டா அடைத்துக் கொடுத்தான். நடுங்குகிற மணிக்கட்டை ஒரு தோல்வாரால் மேசையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு செய்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தோட்டாவைக் கடையில் வாங்குகிறவன் ஒரு ஜாதி, தானே அடைத்துக்கொள்கிறவன் ஒரு ஜாதி. இந்த இரண்டாம் ஜாதிக்குச் சட்டம் இரண்டே இரண்டு. மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு மருந்து டின்தான் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் அது மேல்தட்டுக்குப் போய்விட வேண்டும். இரண்டாவது, அவனவன் அடைத்ததை அவனவன்தான் சுட வேண்டும். அடுத்தவன் அடைத்த தோட்டா கண்ணெதிரே வெடித்தால் போவது உன் கண், அவன் கண் இல்லை. "பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட இரவல் கேளு, தோட்டாவைக் கேக்காத" என்று மெர்வே பப்பில் எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறான். நோலீனுக்காக மட்டும் அந்தச் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டான். பெண்டாட்டி அடுத்தவளா என்பது அவன் வாதம்.

அவளும் சுட்டாள். ஒரு குளிர்காலம் ஓடியது. பிறகு ஒருநாள் காட்டில் ஒரு தோட்டா சரியாக வெடிக்கவில்லை. புஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மான் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் பழக்க தோஷத்தில் அடுத்த தோட்டாவை ஏற்றப் போனாள். என்னவோ கை நின்றது. குழலுக்குள் பார்த்தால் வெளிச்சம் தெரியவில்லை. மருந்து போதாமல் குண்டு நடுவழியில் மாட்டிக்கொண்டிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழலோடு அவள் முகமும் போயிருக்கும். அவள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மழை நிற்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, "குறி தப்பிடுச்சு" என்றாள்.

"உனக்கா?" என்று சிரித்தான் மெர்வ். "கண்ணாடியைத் துடைச்சுட்டுப் போகணும்."

அவன் தூங்கும்போது குழலில் கம்பியை விட்டுச் சுத்தியலால் தட்டி அந்தக் குண்டை எடுத்தாள். சொல்லவில்லை. சொன்னால் அவன் ஷெட்டைப் பூட்டிவிடுவான், அவனுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். ஊருக்கு அவள் சொல்லியிருக்கக்கூடிய காரணம் இது. இதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதை அவள் தனக்கே மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டாள். காலையில் அவன் ஷெட்டில் இருக்கிற அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுக்கு மூச்சு. கரியடுப்புப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு கோப்பை தேநீர், கூப்பிட யாரும் இல்லை. ஷெட்டைப் பூட்டினால் பூட்டுக்குள் போவது அவள்தான்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். மதியம் சாப்பிட்டதும் மெர்வ் முன்னறையில் தூங்குவான். அவன் காலையில் அடைத்த தோட்டாக்களை அவள் அடுப்படிக்கு எடுத்து வருவாள். தோட்டாவைப் பிரிக்க ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவை வைத்து, வெட்டுக்கட்டையில் ஓங்கி நாலு தரம் அடித்தால் குண்டு தனியே கழன்றுவிடும். உள்ளே இருந்த மருந்தை நிறுத்துப் பார்ப்பாள். ஒன்றில் கூட இருக்கும், ஒன்றில் குறைய இருக்கும். வெளியே எடுத்த மருந்தை மறுபடி டின்னில் போடக் கூடாது என்பதும் மெர்வ் சொன்னதுதான். அதைக் கீரைப் பாத்தியில் உரமாகத் தூவுவாள். பிறகு கரி எடுக்கிற சாக்கில் ஷெட்டுக்குப் போய், மேசையில் இருக்கிற டின்னிலிருந்து தானே நிறுத்துப் போட்டு, தானே குண்டை அழுத்தி, எடுத்த இடத்தில் வைத்துவிடுவாள். சட்டப்படியும் சரிதான், அவள் அடைத்ததை அவள் சுடுகிறாள்.

மேசையில் டின்னா, அது மேல்தட்டில் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். மெர்வால் இப்போது அவ்வளவு உயரம் தூக்க முடிவதில்லை. டின் அன்றன்றைக்கு மேசையிலேயே நின்றுவிடும். ஆனால் ஒரே டின்தான், அதில் அவன் பிசகியதில்லை. தட்டிலிருந்து இன்னொன்றை இறக்குவதானால் இதை எப்பாடு பட்டாவது மேலே ஏற்றிவிட்டுத்தான் இறக்குவான்.

அடிக்கிற சத்தத்தில் சில நாள் மெர்வ் விழித்துக்கொள்வான்.

"நோலீன், என்ன சத்தம்?"

"இறைச்சியை அடிக்கிறேன். ஷ்னிட்ஸலுக்கு."

"மறுபடியுமா?"

"மான் முரடு, அடிச்சாத்தான் மெத்துனு வரும்."

அதனால் சாயங்காலம் நிஜமாகவே இறைச்சியைத் தட்டையாக அடித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து ஷ்னிட்ஸல் போட வேண்டி வரும். அந்த இரண்டு வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்ட ஷ்னிட்ஸல் ஒரு கல்யாணத்துக்குக் காணும். மருந்து டின் சீக்கிரம் காலியாகிறது என்று மெர்வ் முனகுவான், "பாதியைக் கொட்டித் தொலைக்கிறேன் போல" என்று தன் கையையே திட்டுவான். அவள் பேசாமல் இருப்பாள். கீரை மட்டும் கரும்பச்சையாக, யானைக் காது மாதிரி தழைத்தது.

இப்படியே போயிருக்கும். ராவிரி வந்து கெடுத்தான்.

ராவிரி சாலை போடுகிற கும்பலில் வேலை செய்கிறவன், நல்ல பையன், முப்பது வயதிருக்கும். சின்ன வயதில் மெர்வ் பின்னால் காட்டில் சுற்றியவன், இரண்டு பேரையும் அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான். கலைமான்கள் ஜோடி தேடி உறுமுகிற ஏப்ரல் மாதம் வந்தால் அவனை யாராலும் பிடித்து வைக்க முடியாது. அந்த வருஷம் அவனும் தன் துப்பாக்கியை நோலீனுடையது மாதிரியே வெட்டிக்கொண்டிருந்தான். தேநீர் குடிக்க வந்தவன், கோப்பையைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"அங்கிள், எனக்கும் ஒரு பெட்டி அடைச்சுத் தர்றீங்களா? ஆன்ட்டிக்குச் செய்யற மாதிரியே. கடையில இருக்கறதெல்லாம் நீளக் குழலுக்குச் செஞ்சது."

மெர்வ் அவனையே பார்த்தான். "நான் அடைச்சதை நீ சுடுவியா?"

"ஆன்ட்டி சுடலையா?"

நோலீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு எப்படி விறைத்தது என்பதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. இரக்கப்பட்டுக் கேட்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. மெர்வுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

ஒரு வாரம் அவன் வேறு நினைப்பில்லாமல் இருந்தான். சாப்பாட்டு மேசையில் குண்டுகளை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு பேசினான். "அவன் போற இடத்துல எல்லாம் கிட்டத்துச் சுடறதுதான். இது கொஞ்சம் கனம், இது வேகமே இல்லாம போயிடும். இந்தச் செம்பு முனை பாக்க அழகு, குட்டைக் குழல்ல திறக்காது. இதுதான். இந்த மொண்ணை மூக்கு." பொத்தான் போட்டுவிடும்போதுகூட அதே பேச்சு. நோலீன் ஊம் கொட்டினாள். அவன் பேச்சில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் அவளை அழுத்தியது.

பெட்டி முடிந்த அன்று ராவிரி மறுநாள் காலையில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். மதியம் மெர்வ் தூங்கியதும் அவள் பெட்டியை எடுத்து வந்து வெட்டுக்கட்டையில் ஒவ்வொன்றாக உடைத்தாள். நிறுத்தாள். முதல் தோட்டா சரியாக இருந்தது. இரண்டாவதும். தராசு கெட்டுவிட்டதோ என்று எடைக்கல்லை வைத்துப் பார்த்தாள். கடைசி வரைக்கும் ஒன்றில்கூட முள் அளவைவிட்டு அசையவில்லை. அந்த நடுங்குகிற கையை எப்படிக் கட்டி எப்படிப் பிடித்துச் செய்தானோ, கல்யாணமான புதிதில் செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. ஆனால் உடைத்தாகிவிட்டது. மருந்து கீரைப் பாத்திக்குப் போய்விட்டது.

வெளியே மழை. மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் வழிய ஷெட்டுக்கு ஓடினாள். மேசையில் ஒரு டின் இருந்தது. அந்த ஷெட்டில் மேசையில் இருக்கிற டின் எது என்று இரண்டு வருஷமாக அவள் பார்த்ததில்லை. அங்கே இருப்பது ஒன்றுதான், இருப்பது சரியானதுதான். கறுத்த கடுகு மாதிரி மருந்து. நிறுத்து, போட்டு, குண்டை அழுத்தி, முன்னறையிலிருந்து "நோலீன்" என்று குரல் வருவதற்குள் பெட்டியை மூடிவிட்டாள்.

காலையில் ராவிரி வந்தான். மெர்வ் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினான், உள்ளே தோட்டாக்கள் கிலுகிலுவென்று ஆடின. "ரெண்டு சுட்டுப் பாத்துட்டு அப்புறம் மானுக்குப் போ."

"காட்டுக் குடிசையில நாளைக்குக் காலையில ஒரு தகரத்துல சுட்டுப் பாத்துக்கிறேன் அங்கிள்."

வண்டியை ஆற்றோரம் விட்டுவிட்டு, ஆற்றில் வெள்ளம் ஏறுவதற்கு முன்பே கடந்து போய்விட்டான்.

மதியச் சாப்பாட்டுக்கு மெர்வ் ஷெட்டிலிருந்து வந்தான். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "வாத்து டின்னை இப்பத்தான் மேல வச்சேன், ரெண்டு கையாலயும் தூக்கி. நேத்துலேர்ந்து மேசையிலயே கிடக்குது."

நோலீன் உருளைக்கிழங்குப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எந்த டின்னு?"

"வாத்துக்குப் போடுற மருந்து. மே மாசம் வாத்து வேட்டை வருதே, ராவிரி பெட்டியை முடிச்சதும் நாலு வாத்துத் தோட்டா அடைச்சேன். மான் துப்பாக்கி மருந்தை மேல எடுத்து வச்சுட்டுத்தான் அதை இறக்கினேன், அதுல நான் தப்பு பண்ண மாட்டேன். திரும்ப ஏத்தத்தான் கை ஒத்துழைக்கல. அதுலயும் குறைஞ்சு கிடக்குது பாரு. எவ்வளவு கொட்டினேனோ."

வாத்து மருந்து மான் துப்பாக்கி மருந்தைவிடப் பல மடங்கு வேகமாக எரியும். வாத்துத் தோட்டாவில் ஒரு சிட்டிகை போடுவார்கள். அதே மருந்தை மான் துப்பாக்கி அளவுக்கு நிறைத்துவைத்தால் அது தோட்டா இல்லை, கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிற வெடிகுண்டு. பார்வைக்கு இரண்டும் ஒரே கடுகுதான்.

அவள் கரி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கரி எடுக்கவில்லை. ஆற்றங்கரைக்கு ஓடினாள். பழுப்பு நிறத்தில் ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது, அடியில் பாறைகள் உருளுகிற சத்தம் காலில் அதிர்ந்தது. மாடுகூட இறங்காது. அந்தப் பள்ளத்தாக்கில் கைப்பேசிக்கு உயிர் கிடையாது. ராவிரி ஒரு மலை ரேடியோவை வாடகைக்கு எடுத்துப் போயிருந்தான். அதில் சாயங்காலம் ஒரு முறைதான் பேச முடியும், ஒரு ரேடியோக்காரி குடிசை குடிசையாகக் கூப்பிட்டு நலம் கேட்பாள். மெர்வின் வீட்டிலும் அப்படி ஒரு ரேடியோ உண்டு. மரத்துக்கு மரம் கம்பி கட்டி, தினமும் அதைக் கேட்பதுதான் அவனுக்குச் சாயங்காலப் பொழுதுபோக்கு. எங்கள் மேற்குக்கரை முழுக்க அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

அன்று மதியத்தைப் போல நீளமான மதியம் அவளுக்கு வாய்த்ததில்லை. நாளைக் காலை என்றான். ஆனால் போன உடனே ஒன்றைச் சுட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால்? மெர்வ் தூங்கினான், எழுந்தான், தேநீர் கேட்டான், இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி அது உடைந்து விழுந்ததற்குச் சிரித்தான். ராவிரியின் முகம் அவள் கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தாள். "என்ன?" என்றான். "மழை விடலையே" என்றாள்.

ரேடியோ நேரம் வந்தது. மெர்வ் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் பேசுவதில்லை, ஆனால் மைக் அவன் மடியில்தான் இருக்க வேண்டும். ரேடியோக்காரி ஒவ்வொரு குடிசையாகக் கூப்பிட்டாள்.

"பெரிய வளைவுக் குடிசை. ராவிரி, கேக்குதா? ஓவர்."

கரகரப்பு. அப்புறம், "கேக்குது. நனைஞ்ச கோழி மாதிரி இருக்கேன், மத்தபடி சுகம். ஓவர்."

நோலீன் கையை நீட்டினாள். "மைக்கைக் குடு மெர்வ்."

"எதுக்கு?"

"குடுன்னா குடு."

அவன் விரலைப் பிரித்து எடுத்துக்கொண்டாள். "ராவிரி, நான் நோலீன். மெர்வ் குடுத்தாரே அந்தப் பெட்டி, அதுல ஒண்ணைக்கூடச் சுட்றாத. துப்பாக்கியில ஏத்தவே ஏத்தாத. உள்ள இருக்கறது வாத்து மருந்து. ஓவர்."

மெர்வ் தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தான். அவை எப்போதும் போல ஆடின.

"நானா?" என்றான். "நோலீன், நானா அப்படிப் பண்ணேன்?"

இங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். ஆமாம் என்றால் போதும். சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். கேட்டுக்கொண்டிருக்கிற கரை முழுக்க நம்பும், ஒருவனும் ஆச்சரியப்பட மாட்டான், மெர்வே நம்பிவிட்டான். ஷெட் பூட்டப்படும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பெட்டி சுத்தமாக இருந்தது. அவன் வாழ்க்கையில் கடைசியாகச் சுத்தமாகச் செய்த காரியம் அது, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பொத்தானை அழுத்தினாள்.

"ராவிரி, எல்லாரும் கேட்டுக்கங்க. மெர்வ் அடைச்சது சரியாத்தான் இருந்துச்சு. ஒண்ணுகூடத் தப்பில்ல, நானே நிறுத்துப் பாத்தேன். அதைப் பிரிச்சுப் போட்டு மறுபடி அடைச்சது நான். தப்பான டின்னுலேர்ந்து போட்டதும் நான். அவர் அடைக்கிறதை எல்லாம் ரெண்டு வருஷமா நான் பிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஓவர்."

மெர்வ் அவளைப் பார்க்கவில்லை. ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராவிரியின் குரல் சின்னதாக இருந்தது. "ஆன்ட்டி... அந்தப் பெட்டி என்கிட்ட இல்ல. வண்டியில இருக்கு, சீட்டுக்கு அடியில. நான் கடையில வாங்கினதைத்தான் எடுத்துட்டு வந்தேன்." பிறகு, "அங்கிள், மன்னிச்சுருங்க. ஓவர்."

ரேடியோக்காரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வானிலை படித்தாள். நாளைக்கும் மழை என்றாள். மெர்வ் அணைக்கிற பொத்தானைத் தேடினான், விரல் வழுக்கிக்கொண்டே போனது. நோலீன் உதவப் போகவில்லை. ஒருவழியாக அணைத்தான்.

"எல்லாத்தையுமா?" என்றான்.

"எல்லாத்தையும்."

"நீ சுட்ட மானெல்லாம்?"

"குண்டு நீ எடுத்துக் குடுத்ததுதான் மெர்வ். மருந்து எவ்வளவுன்னு சொன்னதும் நீதான்."

"அதைக் கேக்கல நான்."

அடுப்பில் கரி சரிந்தது.

"அப்ப அந்த ஷ்னிட்ஸல்?"

"அதையும் அடிச்சேன். அப்புறமா."

அவன் தலையை ஆட்டினான். நடுக்கமா, ஒப்புக்கொண்டானா என்று தெரியவில்லை. "சரியா இருந்துச்சுன்னு சொன்னியே, அது ரேடியோவுக்காகவா?"

"இல்ல. சத்தியமா இல்ல. முள் அசையல."

"சுடத்தான் ஆளில்ல" என்றான் மெர்வ்.

ராவிரி இரண்டு நாள் கழித்து இறங்கி வந்தான். ஒரு மான்தொடையையும் அந்தப் பெட்டியையும் மேசையில் வைத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். மெர்வ் ஷெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். சாவியை அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, "நீ அடை, நீ சுடு. சட்டம் அதானே" என்றான். அவளால் அந்த மேசையில் போய் உட்கார முடியவில்லை. ரீஃப்டனில் கடைத் தோட்டா வாங்கி வந்தாள். மெர்வ் அந்தக் கடைப் பெட்டியை எடுத்து, எழுத்தைப் படித்துப் பார்த்து, கீழே வைத்தான். அது திறக்காத குண்டு என்று அவளுக்கும் தெரியும். எதை வாங்குவது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை. மானைச் சுட்டுவிட்டு மறுபடி கொடிகளுக்குள் தவழ்ந்தாள். காட்டில்கூட இப்போது யாரோ கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

காலை முழுவதும் மெர்வ் கரியடுப்புப் பக்கத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு மணி நேரமும் போயிற்று, மூச்சும் போயிற்று. ஒருநாள் அவள் தாங்க முடியாமல் முன்னறைக்குப் போய், அவன் தூங்குகிற சாய்நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. வெட்டுக்கட்டையில் ஓங்கி ஓர் அடி. நிறுத்தி, இன்னோர் அடி. அந்தச் சுத்தியலுக்குக் கை நடுங்கினாலும் பரவாயில்லை, ஓங்கத் தெரிந்தால் போதும். ராவிரியின் பெட்டியைத்தான் உடைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டாள்.

"மெர்வ், என்ன சத்தம்?"

அடி நின்றது.

"இறைச்சியை அடிக்கிறேன்" என்றான் மெர்வ். "நீ தூங்கு."